ரிஜிஸ்டரைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், அதாவது வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து நலம், அதற்கு முந்தின நான்கு நாளும் அவ்வளவு நலமாக இல்லை, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மருமகளும் நம் இன்ஸ்பெக்டரம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தைக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று உன் மாமியார் இன்னமும் வருத்தப்படுகிறாராம். பிஸ்கட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் சொல்கிறேன் என்று அவரிடம் சொல், முன்னறிவிப்பில்லாமல் வந்து, இருக்கிறவர்களையெல்லாம் எழுந்து நிற்க வைத்து, எதைக் காட்டினாலும் முகம் சுளித்து, கடைசியில் நம் சட்டையை நனைய வைத்துவிட்டுப் போகிறவருக்கு இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுவாய். தவிர, கையால் எழுதிக் கொடுத்ததைக் கையால் எழுதித்தான் திரும்ப வாங்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. முப்பது வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள், இதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், உங்க வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளியே கிடையாதா என்று இப்போதே ஒரு தடவை கேட்டாகிவிட்டது.

திரும்ப வாங்குவது எதை என்றால், நான் போட்டுக் கொடுத்த ஷிப்ட் அட்டவணையையும் அந்த நீல நோட்டு ரிஜிஸ்டரையும். அன்றைக்கு நீங்கள் இருந்த நிலைமை உனக்கு மறந்திருக்காது. நாங்கள் வந்து இறங்கியபோது குழந்தைக்கு வயது மூன்று வாரம், உங்கள் இருவரையும் பார்த்தால் தொண்ணூறு சொல்லலாம். அது ஒரு முனகல் முனகினால் இரண்டு பேரும் எழுந்து ஓடுவீர்கள், நீ கலக்கி வைத்த பாலை அவள் நேற்றைய பால் என்று கொட்டுவாள், அவள் மடித்து வைத்த துணியை நீ அழுக்குத் துணி என்று துவைக்கப் போடுவாய். குழந்தைக்குத் தொப்பி போட வேண்டும் என்று அவள், வேர்க்கும் வேண்டாம் என்று நீ, ஒரு நாள் காலையில் மட்டும் அந்தத் தொப்பி பதினேழு தடவை ஏறி இறங்கியது, நான் எண்ணினேன். பதினேழாவது தடவை நீங்கள் இருவரும் குரலை உயர்த்தினீர்கள் பார், இதுகள் இப்படியே போனால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். பயந்துபோன சூப்பர்வைசர் என்ன செய்வான், அட்டவணை போடுவான். ஒரு நீல நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, நேரம், பால், டயப்பர், தூக்கம், குறிப்பு, ஒப்படைத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று ஏழு கட்டம் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பியதும் இங்கிருந்தே திருத்திப் புதிதாக அனுப்பினேன். நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டரைக்கு வர, இரண்டரைக்கு அவள் புறப்பட, ஒன்பதரைக்கு அவள் வர, ஒன்பதரைக்கு நீ ஹால் சோபாவில் தூங்கப் போக, ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதிப் பொழுது நீ தூங்கிப் பாதிப் பொழுது அவள் தூங்க, ஒரு நிமிஷம் வீணில்லை. சண்டையும் நின்றது. வீடு கப்சிப். என் வேலைக்காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு அட்டவணை நான் போட்டதில்லை என்று நடைப்பயிற்சிக்கு வரும் ஆட்கள் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மருமகளுக்குப் போன் போட்டாள். குழந்தை எப்படி, பல் வருகிறதா, வயிறு சரியாக இருக்கிறதா எல்லாம் கேட்டுவிட்டு, அவன் எப்படிம்மா இருக்கான் என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். லைன் போய்விட்டதா என்று அம்மா இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாள், அப்புறம் அந்தப் பெண் சொல்கிறாள், நல்லாத்தான் இருக்காருன்னு நினைக்கிறேன் அத்தை, காலைல ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருந்துச்சு என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன், பார்த்தியா என்ன ஒழுங்கு என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்பும்மா, உங்க மாமாவுக்குப் பார்க்கணுமாம் என்று என் பெயரில் பொய் சொன்னாள், அந்தப் பெண்ணும் அனுப்பிவிட்டாள்.

முதலில் நான் பார்த்தது கட்டங்களைத்தான், எல்லாம் நிரம்பியிருந்தது, ஒரு கையெழுத்து விடுபடவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாதான் குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தாள். பால் வாங்கவும், குழாய் ஒழுகுகிறது, தடுப்பூசி செவ்வாய் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், முடியை வெட்டிக்கொண்டேன், தோள் வரைக்கும் என்று மருமகள் ஒரு வரி எழுதியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் நீ ஒரு டிக் போட்டுச் சுருக்கக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். ஏன்டா, இடுப்பு வரைக்கும் இருந்த முடியடா அது. ஊரெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவள் வீட்டிலேயே இப்படி ஒரு கேஸா? ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து ஆளுக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்கிறவன் நீ, உன் கண் முன்னால் ஒரு முழம் முடி காணாமல் போனதைக் காகிதத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்? ஆனால் அம்மா மறுபடி போன் போட்டபோது அவள் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அவர் வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பேன் அத்தை, அவர் பார்ப்பது குழந்தையைத்தான், நானும் அப்படித்தான், அவர் தாடி விட்டிருக்கிறார் என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும் என்று சொன்னாளாம்.

இதற்குப் பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, இரண்டு பேரும் அசதியில் இருக்கிறார்கள், தானாகச் சரியாகிவிடும், ரிஜிஸ்டரில் ஒரு தவறும் இல்லை என்றேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் நூல் கட்டி ஒரு நோட்டு தொங்குகிறது. திறந்தால் ஏழு கட்டம். காலை 6.10, டீ போட்டாயிற்று, மூடி வைத்துள்ளது, ஒப்படைத்தவர் மனைவி, பெற்றுக்கொண்டவர் என்று போட்டு வெற்றிடம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஜம்மென்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்தேன். மதியம் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று குறிப்பு எழுதினேன், பார்வையிடப்பட்டது என்று சிவப்பு மையில் பதில் வந்தது. ராத்திரி சாப்பாட்டிலும் உப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டது, வாயைத் திறந்து சொன்னேன், அவள் நோட்டைக் காட்டினாள், முதுகு வலிக்கிறது என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு ஒரு டிக் போட்டாள். அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. புதன்கிழமை எப்படியாவது அவளைப் பேச வைத்துவிடுவது என்று ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் அவள் செருப்புமாக நடைப்பயிற்சிக்குப் போய்வந்தேன். தபால்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று விசாரித்தார். வீட்டுக்கு வந்தால் நோட்டில், செருப்பு ஜோடி மாறியுள்ளது, கவனிக்கவும் என்று இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டு, தாயே, திட்டவாவது திட்டு, என்னால முடியல என்று கைகூப்பிவிட்டேன். அதற்காகவே காத்திருந்தவள் போலக் கரண்டியைக் கீழே வைத்தாள், நாலு நாளைக்கே உங்களுக்கு மூச்சு முட்டுது, அந்தப் பொண்ணு நாலு மாசமா இருக்கா, என் பையனும்தான் இருக்கான் என்றாள். பிறகு, உங்க கம்பெனியில ஷிப்ட் மாறும்போது நோட்டுல எழுதி வச்சிட்டு அப்படியே போயிடலாமா என்று ஒரு கேள்வி கேட்டாள். அவ்வளவுதான், எனக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, எங்கள் பிஸ்கட் அடுப்பு ஒரு தெருவின் நீளம் இருக்கும், ஷிப்ட் மாறும்போதும் அதை நிறுத்த மாட்டோம். போகிற ஆளும் வருகிற ஆளும் ஓடுகிற அடுப்பின் முன்னால் பத்து நிமிஷம் சேர்ந்து நின்றே ஆக வேண்டும். நோட்டில் எழுத முடியாத விஷயமெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கைமாறும். இடது பக்கம் ஒரு மாதிரி சத்தம் வருது கேட்டுக்கோ, இன்னைக்கு மாவு கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குது என்று ஒருவன் சொல்ல, மற்றவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். ஒரு தடவை ஒரு ஆள் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டு அடுத்தவன் வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான், வந்தவனும் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான், ஒரு மணி நேரத்தில் பெல்ட் முழுக்கக் கரிக்கட்டையாக வந்து விழுந்தது. ஓடிப்போனவனைக் கூப்பிட்டு, நீ எழுதினதெல்லாம் சரிப்பா, ஆனா நீ நிக்கல என்று சொல்லி மெமோ கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அப்பேர்ப்பட்ட நான் உங்களுக்குப் போட்ட அட்டவணையில் அந்தப் பத்து நிமிஷத்தை வைக்கவே இல்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுவல்ல. நீங்கள் சேர்ந்து நின்றால் சண்டை வருகிறது என்று வேண்டுமென்றேதான் எடுத்தேன். தொப்பிக்காகச் சண்டை போட்டபோது நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டாவது இருந்தீர்கள், அதையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். இதில் என் புத்தியைச் செருப்பால்தான் அடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஜோடி மாறின செருப்பால்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அம்மா எழுதச் சொல்கிறாள். நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் எனக்குப் பிற்பகல் ஷிப்ட், அவளுக்குக் காலையில் அச்சகம், அவள் உள்ளே வர நான் வெளியே போக என்று எங்கள் வண்டியும் இப்படித்தான் ஓடியது. தினமும் என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க மறந்துவிடுவாள், சாயங்காலம் டீ இடைவேளையில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்து டப்பாவைக் கொடுப்பாள், நான் அரை மனசாக வாங்கிக்கொண்டு, என்ன ஜென்மமோ, ஒரு டப்பா ஞாபகம் இருக்காதா என்று கடிந்துகொண்டே பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நிற்பேன், வாட்ச்மேன் உனக்கு விசில் ஊதிக் காட்டுவார். என் மனைவிக்கு ஞாபகமறதி ஜாஸ்தி என்று இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னேன். அதற்கு அம்மா வியாழக்கிழமை சொல்கிறாள், ஒரு வருஷம் விடாம தினம் மறக்கிறதுக்கு எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு, பொடி எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவ நான் என்று. அறுபத்து நான்கு வயதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு வெட்கமும் அவ்வளவு சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே வைத்துக்கொள்வது சொல், அடுப்படியிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் எனக்கு முதுகில் தைலம் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே நான்கு நாள் பாக்கி வைத்த திட்டையெல்லாம் திட்டித் தீர்த்தாள், கேட்கக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு ஒரு வேலை. என் அட்டவணையின் புகழைக் கேட்டு இந்தத் தெருவிலேயே ஆறு வீட்டில் நகல் வாங்கிப் போயிருந்தார்கள், மருந்துக்கடைக்காரர் தன் மகளுக்கு லேமினேட் செய்தே கொடுத்திருந்தார். கெட்டுப்போன பிஸ்கட்டைக் கடை கடையாகத் திரும்ப வாங்குவது மாதிரி வெள்ளிக்கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஐந்து கைக்கு வந்துவிட்டது. தையற்காரர் வீட்டு மருமகள் மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாள், மாமா, அவர் விடுற குறட்டைக்கு இந்த அட்டவணைதான் எனக்குத் தெய்வம், இதை வாங்கிக்கிட்டுப் போனீங்கன்னா நான் உங்க வீட்டுலதான் வந்து படுப்பேன் என்று சொல்லிவிட்டாள். அதை அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன், என்ன இருந்தாலும் அவர்கள் பகலில் ஒரே கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைக்கிறவர்கள்.

இனி உன் விஷயம். நான் உனக்குப் புத்தி சொல்லும் தகுதியை இழந்துவிட்டேன், அதனால் இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, பழுதான சாமான் விற்றவன் செய்து தரும் ரிப்பேர் என்று வைத்துக்கொள். அட்டவணையில் இரண்டரை என்று இருப்பதால் நீ இரண்டேகாலுக்கே கட்டிடத்துக்குக் கீழே வந்து வண்டியிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு, சரியாக இரண்டரைக்கு மேலே போகிறாய் என்று நீயே ஒரு தடவை சொன்னாய், நானும் உன் நேரந்தவறாமையை மெச்சிக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் பார். அந்தக் கால் மணி நேரம் உன்னுடையதும் இல்லை, உன் பாட்டுக்காரருடையதும் இல்லை. வண்டியைப் பூட்டிவிட்டு மேலே ஏறு. மேலே போனதும் பால் எத்தனை மில்லி, டயப்பர் எத்தனை என்று ஆரம்பிக்காதே, அதை நோட்டு சொல்லட்டும், வேண்டுமானால் அதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சும்மா நில்லுங்கள். கடையில் இன்றைக்கு எந்தக் கிழவர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடினார் என்று அவள் சொல்லட்டும், லேபில் யாரோடு உரசல் என்று நீ சொல். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சேர்ந்து ஒரு வாய் டீ குடியுங்கள், குழந்தை அந்தப் பத்து நிமிஷம் பாயில் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும், ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தையும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குங்கள், அதற்கு எதிர் வீட்டு நர்ஸம்மாவிடம் இரண்டு மணி நேரம் குழந்தையைக் கொடுக்கலாம், அவரே கேட்டாராம், நீதான் அட்டவணையில் அவருக்குக் கட்டம் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். சண்டை வந்தால் போடுங்கள், பயப்பட நான் அங்கே இல்லை. தொப்பி விஷயத்தில் மட்டும் அவள் சொல்வதுதான் சரி என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ சொல்வதுதான் சரி என்பது என் கட்சி, அது கிடக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க நானும் அம்மாவும் பேசினோம். அந்தப் போட்டோவில் புதன்கிழமைக் குறிப்பில் மருமகள் ஒரு வரி எழுதி, அதன் மேல் இரண்டு கோடு இழுத்து அடித்திருக்கிறாள். எனக்கு அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. அடித்த எழுத்தைப் படிப்பதே பிழைப்பாக இருக்கிறவள் அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி படத்தைப் பெரிதாக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள். நாளைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் என்கூட உட்காருங்களேன் என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே டயப்பர் ஒரு பாக்கெட்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். நீ வாங்கிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அன்றைக்கே வாங்கியிருக்கிறாய், ஒரு மணி நேரம்கூடத் தாமதமில்லை. அந்த நோட்டைக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரம்மாவின் இரண்டு உள்ளங்காலிலும் எங்கள் முத்தத்தைச் சேர்த்துவிடு. தண்ணீர் நிறையக் குடி, அந்தத் தாடியை எடு, சோபாவில் படுக்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்துப் பிடிக்கும். கடிதம் கிடைத்ததற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினது போதும். மறக்காதே, அந்த வரியை நாங்கள் படித்தது அவளுக்குத் தெரியவே வேண்டாம். நீ படித்துவிட்டாய் என்பது மட்டும், நாளைக்கு இரண்டேகாலுக்கு நீ கதவைத் திறக்கும்போது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

என்றும் உங்கள் நினைவாக இருக்கும்,
அப்பா
(பக்கத்தில் அம்மாவும்)